முடி கொட்டுகிறதா? தண்ணீரை மட்டும் பழிக்காதீர்கள்!

"இந்த ஊர்த் தண்ணீர் தலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை." கள்ளக்குறிச்சியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நான்கு பெண்கள் கூடிப் பேசும் இடத்தில் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. மணமாகி வந்த பெண் தன் பிறந்த ஊர்க் கிணற்றை நினைத்துப் பெருமூச்சு விடுகிறாள். மதரஸாவுக்கும் கல்லூரிக்கும் செல்லும் மாணவி, சீப்பில் சுருண்டு வரும் முடியைக் கண்டு கலங்குகிறாள். ஆண்களும் இதற்கு விலக்கல்லர். இருபத்தைந்து வயதில் நெற்றி ஏறிவிட்ட இளைஞனும் ஆழ்துளைக் கிணற்றைத்தான் குறை கூறுகிறான்.

தண்ணீரில் குறையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் தண்ணீரின் தலையில் போட்டுவிடுவதால் ஒரு பெரிய தீங்கு விளைகிறது. உடலுக்குள்ளே இருக்கும் உண்மையான குறை கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகிறது. எண்ணெய்க்கும் ஷாம்புக்கும் மாதந்தோறும் பணம் செலவாகிறது. இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் யாரும் செல்வதில்லை. ஆகவே தண்ணீரின் பங்கு எவ்வளவு, நம்முடைய பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

மலை நீரும் கிணற்று நீரும்

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு, மேற்கே அரணாக நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்றான அதிலிருந்துதான் கோமுகி ஆறு இறங்கி வருகிறது. மலையில் பெய்யும் மழைநீர் மிகவும் மென்மையானது. ஓடையாக ஓடிவரும் குறுகிய நேரத்தில் அது பாறையிலிருந்து அதிகமான உப்புகளைக் கரைத்துக்கொள்வதில்லை. அதே நீர் நிலத்துக்குள் இறங்கி, கடினப் பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும்போது, கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு கடின நீராக மாறுகிறது. பல நூறு அடி துளையிட்டு நாம் மேலே கொண்டுவருவது இந்த நீரைத்தான். மலையடிவாரத்து ஓடையில் சோப்பு நுரைத்துத் தள்ளுவதும், சமவெளியில் ஆழ்துளைக் கிணற்று நீரில் நுரை எழாமல் திரிந்து போவதும் இதனால்தான்.

குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. இது குடிப்பதற்கான அளவு. தலைமுடியைக் கருதி வகுக்கப்பட்ட அளவன்று. எனினும் தம் வீட்டு நீர் எத்தகையது என்று அறிய விரும்புவோர் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் மாதிரியைக் கொடுத்து அறிந்துகொள்ளலாம்.

கடின நீர் செய்யும் முதல் தீங்கு சோப்பின் வழியாக வருகிறது. நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புடன் கூடி, கரையாத வெண்ணிறக் கசடாகின்றன. குளியலறை வாளியில் வெள்ளைப் படிவமாக ஒட்டியிருப்பதும் இதுவே. இக்கசடு கூந்தலில் படியும்போது முடி சொரசொரப்பாகிறது, சிக்கு விழுகிறது, சிக்கை எடுக்கும்போது முடி அறுகிறது. தலையில் உதிரும் வெண்துகள் எல்லாம் பொடுகு என்று நினைத்துப் பலர் மருந்து தேடுகின்றனர். அவற்றுள் ஒரு பகுதி கழுவப்படாத இந்தச் சோப்புக் கசடே ஆகும்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

கடின நீர் முடியைப் பலவீனப்படுத்துகிறதா என்ற கேள்வியை நம் தமிழ்நாட்டிலேயே மருத்துவர்கள் ஆராய்ந்துள்ளனர். கோயம்புத்தூர் மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. 15 பேரின் முடி மாதிரிகளை எடுத்து, ஒரு பாதியைக் கடின நீரிலும் மறு பாதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் ஒரு மாத காலம் மீண்டும் மீண்டும் நனைத்து, பின்னர் அவற்றை இழுத்து வலிமையை அளந்தார்கள். இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

பாகிஸ்தானில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, 70 ஆண்களின் முடியை மூன்று மாத காலம் இவ்வாறே சோதித்தது. அதில் கடின நீரில் நனைந்த முடியின் வலிமை குறைந்திருந்தது.

இரண்டு ஆய்வுகளும் இரண்டு விதமாகக் கூறுகின்றனவே என்று வாசகர்கள் குழம்ப வேண்டாம். இரண்டுமே ஆராய்ந்தது தலையிலிருந்து எடுக்கப்பட்ட முடியின் தண்டை மட்டும்தான். நீண்ட நாள் பழக்கத்தில் கடின நீர் முடித் தண்டை நலிவடையச் செய்து ஒடியச் செய்யலாம் என்பதுதான் இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது. முடியின் வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது. தலையில் ஊற்றும் நீர் அந்த வேரை அழித்து வழுக்கையாக்கிவிடும் என்பதற்கு இவற்றில் சான்று இல்லை.

இன்னொரு செய்தியையும் எண்ணிப் பாருங்கள். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம் பிள்ளைகளும் "இங்குள்ள தண்ணீரால் முடி கொட்டுகிறது" என்றே தொலைபேசியில் கூறுகின்றனர். துபாய், குவைத், கத்தார் ஆகிய இடங்களில் குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்த நீர். சுத்திகரிக்கும்போதே அதன் கடினத்தன்மை பெரிதும் நீங்கிவிடுகிறது. கள்ளக்குறிச்சியில் கடின நீரைக் குற்றம் சாட்டுகிறோம். குவைத்தில் மென்னீரைக் குற்றம் சாட்டுகிறோம். அங்கே செல்வோரில் பலர் இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். ஆண்களுக்கு மரபுவழி வழுக்கை வெளிப்படத் தொடங்கும் வயது அதுவே. தூக்கமின்மை, மனக்கவலை, நேரம் தவறிய உணவு ஆகியவையும் சேர்கின்றன. பழியோ குழாய்மீது விழுகிறது.

உதிர்ந்த முடியே சாட்சி

தண்ணீர் காரணமா, உடல் காரணமா என்பதை அறிய வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. சீப்பில் வந்த முடிகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்து வெள்ளைத் தாளின்மீது வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைப் போலச் சிறு வெண்குமிழ் இருந்தால், அந்த முடி வேரிலிருந்து உதிர்ந்தது. குமிழ் இல்லாமல், நீளம் குறைந்து, முனை பிளந்தோ ஒடிந்தோ இருந்தால், அது நடுவில் அறுந்தது.

அறுந்த முடியே அதிகமாக இருந்தால் தண்ணீர், சோப்பு, இறுக்கமான பின்னல், ஈரத்தோடு சீவுதல், சாயம் ஆகியவற்றின்மீது ஐயம் கொள்ளலாம். குமிழோடு கூடிய முடியே அதிகமாக இருந்தால் காரணத்தை உடலுக்குள் தேட வேண்டும். தண்ணீரை மாற்றுவதால் பயனில்லை.

நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயற்கை. நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, பின்னர் ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வில் இருந்து, அதன்பின் உதிர்கிறது. அந்த இடத்தில் புது முடி முளைக்கிறது. தலை குளிக்கும் நாளில் அதிக முடி வருவதைக் கண்டு அஞ்சிக் குளிப்பதையே தள்ளிப்போடும் சகோதரிகள் இருக்கின்றனர். குளிக்கும்போது வருவது ஏற்கெனவே வேரிலிருந்து கழன்று, விழக் காத்திருந்த முடி. கடமையான குளிப்பினால் முடி கொட்டுகிறது என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை.

மூன்று மாதம் பின்னோக்கிச் செல்லுங்கள்

வேரிலிருந்து முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தால், "இன்று என்ன செய்தேன்?" என்று கேட்பதைவிட, "மூன்று மாதத்துக்கு முன் எனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்பதே சரியான கேள்வி. டைபாய்டு, டெங்கு போன்ற கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, நெருங்கியவரின் மரணம், குறுகிய காலத்தில் உடல் எடையைக் குறைத்தது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நிகழ்ந்திருக்கக் கூடும். உடல் பெரிய அதிர்ச்சிக்கு ஆளாகும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகள் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து அவை ஒன்றாக உதிர்கின்றன. அதற்குள் காய்ச்சலை மறந்துவிடுகிறோம். கண்ணெதிரே இருக்கும் தண்ணீர்தான் குற்றவாளியாகத் தெரிகிறது.

"குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும்" என்று நம் பாட்டிமார் கூறுவதுண்டு. குழந்தை சிரிப்பதற்கும் முடிக்கும் தொடர்பில்லை. ஆனால் காலக்கணக்கு மிகச் சரியானது. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு மூன்று மாதத்தில். மகப்பேற்றுக்குப் பிந்திய முடி உதிர்வு தொடங்குவதும் அப்போதுதான். பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது தாயின் கூந்தல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குக் கீரையையும் முட்டையையும் மீனையும் மறுப்பதுதான் அந்த மீட்சியைத் தாமதப்படுத்தும்.

மறைந்து நிற்கும் இரத்தசோகை

இவ்வாறான உதிர்வு ஆறு மாதத்துக்குள் நின்றுவிட வேண்டும். அதற்கு மேலும் ஆண்டுக்கணக்கில் நீடித்தால், குறிப்பாகப் பெண்களிடம், முதலில் பார்க்க வேண்டியது இரத்தம். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். நம் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருவருக்கு அது இருக்க வாய்ப்புண்டு என்பது இதன் பொருள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஓர் ஆண்டுக்கு மேலாக முடி உதிர்ந்தது. குளிப்பதற்கென்று குடிநீர்க் கேன் விலைக்கு வாங்கினார்கள். விளம்பரத்தில் வந்த எண்ணெய்கள் நான்கைந்தை வாங்கினார்கள். மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குவதையும், முகம் வெளுத்திருப்பதையும் யாரும் முடியோடு இணைத்துப் பார்க்கவில்லை. மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகம் என்பதை அவள் தாயிடம் கூடச் சொல்லவில்லை. இறுதியில் பரிசோதித்தபோது, 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8 கிராமுக்கும் கீழே இருந்தது. சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில் அவளுடைய களைப்பு நீங்கியது. பின்னர் மெல்ல மெல்ல முடியும் முளைத்தது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது அவளுடைய முடிதான் என்று கூறலாம். அது உதிர்ந்திராவிட்டால் இரத்தசோகையும் வெளிப்பட்டிராது.

தாய்மார்கள் தம் பெண்மக்களிடம் இவற்றைக் கூச்சமின்றிக் கேட்டறிய வேண்டும். அரசுப் பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் உண்ணச் செய்ய வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, பேரீச்சை, முட்டை, ஆட்டு ஈரல் ஆகியவை நமக்கு எட்டாத பொருள்கள் அல்ல. கல்வராயன் மலைவாழ் மக்களின் பழைய உணவான சாமையும் தினையும், தீட்டிய வெள்ளரிசியை மட்டுமே நம்பியிருக்கும் நம் தட்டில் இடம்பெறத் தக்கவை. கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைப்படும். ஆகவே சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காலை உணவைத் தவிர்த்துத் தேநீரோடு கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கும் பழக்கமும், நோன்புக் காலத்தில் ஸஹரை ஒரு குவளைத் தேநீரோடு முடித்துக்கொள்ளும் பழக்கமும் கைவிடத்தக்கவை.

தைராய்டுக் குறைபாடும் இதே போன்று முடியை உதிர்க்கும். உடல் பருத்தல், சோர்வு, குளிர் தாங்காமை ஆகியவை உடனிருந்தால் அதற்கான இரத்தப் பரிசோதனையும் தேவை.

பொடுகுக்கு எண்ணெய் மருந்தாகுமா?

தலை வறண்டுவிட்டதால்தான் பொடுகு வருகிறது என்றெண்ணி எண்ணெயை ஊற்றி ஊறவைப்பது நம் வீடுகளில் பரவலான வழக்கம். உண்மை இதற்கு மாறானது. எல்லார் தலையிலும் இயற்கையாக வாழும் மலசீசியா என்னும் நுண்காளான், தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உண்டு பெருகுகிறது. அது வெளிவிடும் கொழுப்பு அமிலம் சிலருடைய தோலை உறுத்துகிறது. அதனால் தோல் செதில் செதிலாக உரிகிறது. இரவெல்லாம் எண்ணெய் தேய்த்து ஊறவைப்பது அந்தக் காளானுக்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். ஜைத்தூன் எண்ணெயும் இதற்கு விதிவிலக்கன்று.

தேங்காய் எண்ணெயை அறவே ஒதுக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். அது முடித் தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரதச் சேதத்தைக் குறைக்கிறது. பொடுகு உள்ளவர்கள் அதைத் தலைத்தோலில் படாமல் கூந்தலின் நீளத்துக்கு மட்டும் தடவி, ஓரிரு மணி நேரத்தில் கழுவிவிடலாம்.

பொடுகுக்குரிய மருந்து கடைகளில் கிடைக்கிறது. கீட்டோகோனசோல் 2 விழுக்காடு கலந்த ஷாம்பை வாரம் இருமுறை, இரண்டு முதல் நான்கு வாரம் வரை பயன்படுத்துவது வழக்கம். அதை முடியில் நுரைத்தவுடன் கழுவிவிடக் கூடாது. தலைத்தோலில் படும்படி தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டுப் பின் அலச வேண்டும். "மருந்து போட்டும் கேட்கவில்லை" என்போரில் பலர் இந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காதவர்களே. பொடுகு குறைந்த பின்னும் வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை தொடர வேண்டும். ஏனெனில் பொடுகு அடக்கி வைக்கத்தக்கதே அன்றி, அடியோடு ஒழிக்கத்தக்கதன்று. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

முக்காடும் ஈரக் கூந்தலும்

தலையை மறைப்பதால் முடி கொட்டும் என்று சிலர் கூறுவது தவறு. முடிக்கு வேண்டிய உணவும் உயிர்க்காற்றும் இரத்தத்தின் வழியாகச் செல்கின்றன. வெளிக்காற்றின் வழியாக அன்று. ஆனால் மறைக்கும் முறையில் கவனம் வேண்டும். அதிகாலையில் குளித்து, ஈரம் உலராமலே இறுகப் பின்னி, அதன்மேல் முக்காட்டையும் இட்டு மாலைவரை அவிழ்க்காமல் இருந்தால், வெப்பமும் ஈரமும் சேர்ந்து பொடுகுக்கு இடம் கொடுக்கும். பள்ளி நாள்களில் மாலையிலோ முன்னிரவிலோ தலை குளித்து உலர்த்திக்கொள்வது நல்லது. உட்துணி பருத்தியாக இருக்கட்டும். அதைத் தினமும் துவையுங்கள். நெற்றியோரம் இழுபடும்படி இறுக்கிப் பின்னுவதும் கொண்டை போடுவதும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அவ்விடத்து முடி நிரந்தரமாகவே போய்விடக் கூடும். ஆண்களின் தொப்பிக்கும் தலைக்கவசத்தின் உட்பகுதிக்கும் தூய்மை வேண்டும்.

மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பதும் நம்பிக்கையே. அகீகாவின்போது குழந்தைக்கு முடி களைவதும், ஹஜ்ஜிலும் உம்ராவிலும் முடி களைவதும் வழிபாட்டின் பகுதிகள். அடர்த்திக்கான வைத்தியமாக அவற்றைக் கருத வேண்டியதில்லை. கத்தி வேரைத் தொடுவதில்லை.

தண்ணீருக்கு என்ன செய்யலாம்?

கடின நீர்தான் கிடைக்கிறது என்றாலும் வழிகள் உண்டு. முதலாவதாக, தலைக்கு உடல் சோப்பைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். மிதமான ஷாம்பு கடின நீரிலும் கசடாகாது. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விளையும் சீயக்காயும் அவ்வாறே. அதன் நுரை சோப்பு நுரை அன்று. ஆதலால் கடின நீரோடு கூடிக் கசடாவதில்லை. தூளை நன்கு சலித்து, கண்ணில் படாமல் தேய்த்து, துகள் தங்காமல் அலச வேண்டும்.

இரண்டாவதாக, எல்லாக் குளியலுக்கும் நல்ல நீர் கிடைக்காவிட்டாலும் இறுதியாக அலசுவதற்கு மட்டும் இரண்டு குவளை மென்னீர் போதும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மாடியில் விழும் நீரின் ஒரு பகுதியை மூடிய தொட்டியில் பிடித்து வைத்தால் தலை குளிக்கப் பல நாள் உதவும். அதுவும் இயலாதெனில், ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து கூந்தலின் நீளத்தில் ஊற்றிப் பின் அலசலாம். படிந்த சுண்ணாம்புப் படிவத்தைப் புளிப்பு இளக்கும். தலையில் புண் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் கடினத்தன்மையின் ஒரு பகுதி நீங்கும், முழுவதும் நீங்காது.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

நாணய வடிவில் திட்டாக முடி போவதைப் புழுவெட்டு என்கிறோம். அதைச் செய்வது புழு அன்று. உடலின் எதிர்ப்புச் சக்தி முடி வேரையே தவறாகத் தாக்குவதால் வருவது. வெங்காயம் தேய்த்துக் காலம் கடத்த வேண்டாம். சிறுவர் தலையில் செதிலும் அரிப்புமாக முடி ஒடிந்து திட்டானால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து தேவை. சீப்பும் தொப்பியும் பொதுவாக இருந்தால் உடன் படிக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றும். பெண்களுக்கு வகிடு அகன்றுகொண்டே போவதும், ஆண்களுக்கு நெற்றியோரமும் உச்சியும் குறைவதும் மரபுவழி வந்தவை. தொடக்கத்திலேயே சென்றால் இருப்பதைக் காக்க மருந்துகள் உள்ளன.

இதற்கெல்லாம் சென்னைக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டிய காலம் மாறிவிட்டது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது. ஹீமோகுளோபின் அளவை அறிய மலையிலும் சமவெளியிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களே போதும்.

முடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே எந்தச் சிகிச்சையின் பயனும் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஏழு நாளில் முடி வளரும் என்று கூறும் விளம்பரம், முடியின் இயல்பையே அறியாதது. அடுத்த புட்டியை வாங்க எடுத்து வைத்த பணத்தில் வீட்டுப் பெண்மக்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பழி யார்மீது என்பதை அந்தச் சிறு சீட்டு கூறிவிடும்.